தேவனாம்பட்டினத்திலிருந்து நெப்டியூனுக்கு ஓர் ஆட்டோ

கடலூர் முதுநகரைச் சேர்ந்த குலாம் முகம்மதுவின் ஆட்டோ ஒளியின் வேகத்தில் ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் பிரிசில்லா டீச்சர். அதுவரை அந்தச் செய்தி குலாம் முகம்மதுவுக்கே தெரியாது.

கூரைமேல் முன்னும் பின்னுமாக இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகள் கட்டிய அந்த ஆட்டோ, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில், மறுநாள் மின்தடையை அறிவித்துக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளியின் மதிலோரமாக வந்தது. உள்ளே மைதானத்தில் அறிவியல் ஆசிரியை பிரிசில்லா ஸ்டாப்வாட்சும் கையுமாக நின்றிருந்தார். நொடிக்கு மூன்று மீட்டர் என்ற வேகத்தில், கூடாமலும் குறையாமலும், மணிக்கணக்காகச் செல்லக்கூடிய ஏதாவது ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. மாணவர்களை ஓடவிட்டுப் பார்த்தார், மூச்சு வாங்கியது. சைக்கிளில் அனுப்பிப் பார்த்தார். ஒருவரையொருவர் முந்தத் தொடங்கினார்கள். சலித்துப்போய் நிமிர்ந்தபோது மதிலுக்கு மேலே இரண்டு கூம்புகள் மட்டும் நகர்வது தெரிந்தது. கை தானாகவே ஸ்டாப்வாட்சை அழுத்தியது. ஒரு வேப்ப மரத்திலிருந்து அடுத்த வேப்ப மரம் வரை கணக்கிட்டார். விடையைப் பார்த்ததும் ஆசிரியை என்பதையும் மறந்து வாசலை நோக்கி ஓடினார்.

"பாய்! வண்டிய நிறுத்துங்க பாய்!"

குலாம் முகம்மது உடனே மைக்கை அணைத்தார். "சத்தம் ஜாஸ்தியா போச்சா டீச்சர்? பள்ளிக்கூடம்னு கொறச்சித்தான் வெச்சேன். பர்மிஷன் பேப்பரும் இருக்குது."

"சத்தம் கெடக்கட்டும். நீங்க எப்பவும் இதே வேகத்துலதான் போவீங்களா?"

"இதே வேகந்தான். இதுக்கு மேல போனா சேதி பாதிதான் காதுல விழும். கொறஞ்சா பின்னாடி வர்ற பஸ்காரன் ஏசுவான்."

"பாய், நீங்க ஒளி வேகத்துல போறீங்க!"

குலாம் முகம்மது தம் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். முன்சக்கரத்தின் மட்கார்டு கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. "டீச்சர், இது எட்டு வருசப் பழைய வண்டி," என்றார் அடக்கமாக.

அங்கேயே, மதில் நிழலில், பிரிசில்லா தம் திட்டத்தைச் சொன்னார். சூரியக் குடும்பத்தைப் பத்துக் கோடி மடங்கு சுருக்குவது. அதாவது, ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒரு மீட்டராக்குவது. அப்படிச் சுருக்கிச் சூரியனைத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் வைத்தால், கடைசிக் கிரகமான நெப்டியூன் சாலை வழியாக நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, சிதம்பரத்தின் முனையில் வந்து நிற்கும். இடையிலுள்ள பள்ளிகள் ஆளுக்கொரு கிரகம் செய்து, அதற்குரிய இடத்தில் சாலையோரம் காத்திருக்கும். நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் பாயும் ஒளியும் அதே அளவில் சுருங்கி, நொடிக்கு மூன்று மீட்டர் நகரும். ஒரு சனிக்கிழமை, அந்த ஒளியாக யாரேனும் சூரியனிலிருந்து புறப்பட்டு நெப்டியூன் வரை செல்ல வேண்டும்.

"உலகத்துலயே வேகமானது ஒளிதான்னு சொல்வாங்களே?" என்றார் குலாம் முகம்மது.

"ஆமா."

"அது என் வண்டி வேகத்துலயா போவுது?"

"அண்டம் அவ்வளவு பெருசு பாய்."

குலாம் முகம்மது கூரைமேல் இருந்த கூம்புகளை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "எந்தச் சனிக்கெழம?" என்று கேட்டார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இளமையில் குவைத்துக்குப் போய் டிரெய்லர் ஓட்டியவர். பாலைவனச் சாலையில் மணிக்கு நூறு கிலோமீட்டரில் பறந்து களைத்துத் திரும்பி வந்து, தம் குரலை மூலதனமாக வைத்து இந்தத் தொழிலைத் தொடங்கினார். மற்றவர்கள் பதிவு செய்த குரலைப் பென்டிரைவில் ஓடவிட்டுக்கொண்டு போக, இவர் மட்டும் கண்ணாடியோரம் மைக்கைப் பொருத்தி நேரடியாகவே பேசுவார். கோயில் திருவிழா, மீலாது விழா, குடிநீர் நிறுத்தம், ஜவுளிக்கடைத் தள்ளுபடி எல்லாவற்றுக்கும் அந்தக் குரல்தான்.

அவருடைய தொழிலில் சில முறைகள் உண்டு. மருத்துவமனை, பள்ளி, வழிபாட்டு இடம் எதிர்ப்பட்டால் ஒலியைக் குறைப்பார். ஓர் ஊர் வந்தால் நெடுஞ்சாலையோடு போய்விட மாட்டார். முதல் கைகாட்டியிலேயே உள்ளே திரும்பி, கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு தேநீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி சாலைக்கு வருவார். எல்லாவற்றுக்கும் மேலாக, மைக்கில் சொன்னது பொய்யாகக் கூடாது. ஒரு கடைக்காரர், "இன்றே கடைசி நாள்" என்று ஒரு வாரமும் சொல்லச் சொன்னபோது, ஏழாம் நாள்தான் சொல்வேன் என்று பிடிவாதமாக நின்று அந்த வேலையையே இழந்தவர்.

இவ்வளவு முறையான மனிதரிடம் ஒரு குறை இருந்தது. சொந்தக் காரியம் எதற்கும் நேரத்துக்குப் போய்ச் சேரமாட்டார். வழியெல்லாம் ஊர்களாயிற்றே!

அந்தக் குறையால் அதிகம் பாதிக்கப்பட்டவள் அவருடைய ஒரே மகள் ஹஃப்சா. சிதம்பரத்தில் தாயின் தங்கையான நஜியாவின் வீட்டில் தங்கி, நஜியா ஆசிரியையாக இருக்கும் பள்ளியிலேயே ஒன்பதாம் வகுப்பு படித்தாள். சென்ற ஆண்டு விழாவில் அவள் பேச்சுப் போட்டிக்குப் பரிசு வாங்கி மேடையில் பேசியபோது முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாகவே கிடந்தது. நாட்டுப்பண் முடிந்து எல்லாரும் கலையும்போதுதான் ஒலிபெருக்கி ஆட்டோ வாசலில் வந்து நின்றது. ஹஃப்சா அன்று அழவில்லை. வண்டியில் ஏறி அமர்ந்து, பரிசைக் காட்டிவிட்டு, பேசாமல் இருந்தாள். அழுதிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று குலாம் முகம்மதுவுக்கு இன்னும் தோன்றும்.

நெப்டியூன் அந்தப் பள்ளிக்குத்தான் வந்தது. அதைச் செய்யும் பொறுப்பு ஒன்பதாம் வகுப்புக்கு.

"அத்தா, ஒளியாப் போறது நீங்களாமே?" தொலைபேசியில் ஹஃப்சாவின் குரல் துள்ளியது.

"ஆமாடா. காலைல எட்டரைக்கு சூரியன்லேர்ந்து கெளம்புறேன். பன்னெண்டு நாப்பதுக்கு ஒன் நெப்டியூன்."

ஹஃப்சா குரலைத் தாழ்த்தினாள். "நான் கிளாசுல சொல்லிட்டேன் அத்தா, சரியா பன்னெண்டு நாப்பதுக்கு வருவாருன்னு. அத்னான் சிரிக்கிறான். 'ஒங்க அத்தா ஆண்டு விழாவுக்கே எல்லாரும் போனப்புறந்தானே வந்தாரு, நெப்டியூனுக்கு அடுத்த வருசம் வருவாரு'ன்னு சொல்றான். சனிக்கெழம பன்னெண்டே முக்காலுக்கு பெல்லு. வேனு கெளம்பிடும். அப்புறம் வந்தா யாரும் இருக்க மாட்டாங்க."

"வந்துருவேன்," என்றார் குலாம் முகம்மது. அதை மைக்கில் சொன்னதற்குச் சமமாகவே கருதினார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் மனைவி ரசியா தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்து, "சூரியன்லேர்ந்து கெளம்புறவரு, தொப்பியாவது வெச்சிக்கினு போங்க," என்று சிரித்தாள். "இந்தத் தடவயும் புள்ளைய நிக்க வெச்சிடாதீங்க," என்றும் சொன்னாள். இரண்டாவதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் சூரியன் தயாராக இருந்தது. மீனவர் பொன்னுரங்கம் கொடுத்த வலைக்கயிற்றைப் பதினான்கு மீட்டர் விட்டமுள்ள வட்டமாக மணலில் விரித்து, மஞ்சள் சட்டையணிந்த மாணவர்கள் அதைப் பிடித்துச் சுற்றிலும் நின்றார்கள். வட்டத்துக்குள் ஒரு கட்டுமரத்தையே கொண்டுவந்து போடலாம்.

"பாய், சூரியன இப்பத்தான் கடல்லேர்ந்து தூக்கிக் கரையில போட்டோம். சூடு ஆறுறதுக்குள்ள எடுத்துக்கினு ஓடு!" என்றார் பொன்னுரங்கம்.

பிரிசில்லா பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தார். அவர் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், சிதம்பரம் சாலை அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. நேரம் பார்ப்பதும், அடுத்த பள்ளிக்குத் தொலைபேசியில் சொல்வதும் அவர் வேலை. வழி குலாம் முகம்மதுவின் பொறுப்பு.

"பாய், ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கோங்க. ஒளி எங்கயும் நிக்காது."

"டீக்கு?"

"டீக்கும் நிக்காது."

"நாலு மணி நேரமும்?" என்றார் குலாம் முகம்மது கலக்கத்துடன். அதற்குள் விசில் ஊதிவிட்டது.

"அன்பார்ந்த பொதுமக்களே! இதோ வருகிறது, இதோ வருகிறது, சூரியனிலிருந்து நேரடியாகப் புறப்பட்ட ஒளி உங்கள் பகுதியை நோக்கி வந்துகொண்டிருக்கிறது!"

கடற்கரைச் சாலை முழுவதும் அந்தக் குரல் பரவியது. அரைக் கிலோமீட்டர் கடந்ததும் புதன் வந்துவிட்டது. ஓர் எலுமிச்சம்பழம். அதை ஒரு கழியின் நுனியில் குத்தி ஒரு சிறுமி உயர்த்திப் பிடித்திருந்தாள். பதினான்கு மீட்டர் சூரியனுக்கு முன்னால் எலுமிச்சம்பழமா என்று குலாம் முகம்மது வியந்து முடிப்பதற்குள் வெள்ளி வந்தது. அதற்கு அடுத்து, எட்டு நிமிடம் கடந்து சில நொடிகளில், பூமி. இரண்டும் ஏறத்தாழ உரித்த தேங்காய் அளவு. பூமிக்கு நீலமும் பச்சையும் பூசியிருந்தார்கள். அதிலிருந்து நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் ஒரு மாணவி பெருநெல்லிக்காய் ஒன்றை நீட்டிப் பிடித்திருந்தாள். அது நிலா.

"மனுசன் இதுவரைக்கும் போனதெல்லாம் அந்த நெல்லிக்காய் வரைக்குந்தான் பாய்," என்றார் பிரிசில்லா.

குலாம் முகம்மது தலையை வெளியே நீட்டி, பின்னால் மறையும் நெல்லிக்காயைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மகிழ்ச்சியா மலைப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஏதோ ஒன்று அவர் நெஞ்சை நிறைத்தது. அந்த வேகத்திலேயே மைக்கில் முழங்கினார்: "பூமியில் வாழும் பெருமக்களே! நீங்கள் இப்போது காணும் வெயில், எட்டு நிமிடத்துக்கு முந்தைய வெயில் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்!"

மஞ்சக்குப்பத்தில், பிரிசில்லாவின் பள்ளி வாசலில், செவ்வாய் செந்நிறச் சாத்துக்குடியாக நின்றது. மாணவர்கள் ஆர்ப்பரித்தார்கள். போக்குவரத்துக் காவலர் ஒருவர், ஒளிக்கு வழிவிடும்படி ஒரு நகரப் பேருந்தைக் கைகாட்டி நிறுத்தினார். பாறையால் ஆன நான்கு கிரகங்களும் முடிந்துவிட்டன.

"அடுத்தது எங்க டீச்சர்?"

"முதுநகர்ல. வியாழன்."

"நடுவுல?"

"சின்னச் சின்னப் பாறைங்க இருக்குது. அதுல பெருசே ஒரு பட்டாணி அளவுதான். மத்தபடி ஒண்ணுமில்ல."

"புத்தகத்துல எல்லாம் பாசிமணி மாதிரி பக்கத்துல பக்கத்துல கோத்து வெச்சிருப்பாங்களே!"

"அந்தப் படம் பக்கத்துக்குள்ள அடங்கணுமே பாய். இதுல பாருங்க, நாலு கிரகம் மஞ்சக்குப்பத்துக்குள்ள முடிஞ்சிபோச்சு. மிச்சம் நாலு, சிதம்பரம் வரைக்கும் சிதறிக் கெடக்குது."

வியாழன் வந்தபோது குலாம் முகம்மது தம்மையறியாமல் கை தட்டிவிட்டார். மூங்கில் பிளாச்சும் காகிதமும் கொண்டு செய்த கோளம், நான்கு மாணவர்கள் தாங்கியும் காற்றில் ஆடியது. உயரம் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எலுமிச்சையும் தேங்காயும் பார்த்து வந்த கண்ணுக்கு அது ஒரு தேராகவே தெரிந்தது. அதன்மேல் செந்நிறப் பொட்டு ஒன்று வரைந்திருந்தார்கள். அந்தப் பொட்டு ஒரு புயல், அது பூமியைவிடப் பெரியது என்று பிரிசில்லா சொன்னதும், அதையும் அப்படியே மைக்கில் அறிவித்தார். முதுநகரில் அவரைத் தெரியாதவர் இல்லை. "பாய், புயலுக்கு எந்த நம்பர் கூண்டு ஏத்திருக்காங்க?" என்று துறைமுகச் சாலையில் ஒருவர் கத்திக் கேட்டார்.

வளையத்தோடு இரண்டேமுக்கால் மீட்டர் அகலம் விரிந்த சனி, காரைக்காடு தாண்டிப் புளியமரத்தில் தொங்கவிடப்பட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையான வெறுமை தொடங்கியது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, இருபுறமும் வயல்கள், சவுக்குத் தோப்புகள், வானம். மைக்கை அணைத்து ஓட்டுவது குலாம் முகம்மதுவுக்குப் பழக்கமில்லை. ஆனால் அறிவிப்பதற்கு எதுவும் இல்லை. சிறிது யோசித்துவிட்டு அதையே அறிவித்தார்.

"அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! இந்தப் பகுதியில் ஒன்றுமில்லை! கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒன்றுமில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்!"

நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். "ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கு ஒரு ஆட்டோவா? நீ ஏன்யா வேகாத வெயில்ல கத்துற!" என்றாள் ஒருத்தி. பிரிசில்லா பின்னால் விழுந்து விழுந்து சிரித்தார்.

புதுச்சத்திரத்தை ஒட்டி யுரேனஸ். அரை மீட்டர் விட்டம், வெளிறிய பச்சை. மற்ற கிரகங்களைப் போல நிமிர்ந்து சுழலாமல் பக்கவாட்டில் உருண்டு செல்வது என்பதைக் காட்ட, கம்பியைப் படுக்கவைத்துக் கட்டியிருந்தார்கள். வெகுநேரம் வெயிலில் நின்ற பிள்ளைகள், "கொஞ்சம் வேகமாத்தான் வந்தா இன்னா?" என்று கேட்டார்கள். குலாம் முகம்மது கம்பீரமாக மைக்கில் பதில் சொன்னார்: "மாணவச் செல்வங்களே! ஒளியைவிட வேகமாக எதுவும் செல்ல முடியாது. ஒளியே நினைத்தாலும் முடியாது!"

பிரிசில்லா நேரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் கூடப் பிசகவில்லை. அத்னானின் கேலியைக் குலாம் முகம்மது வழியிலேயே அவரிடம் சொல்லியிருந்தார். "பாய், அத்னான் தோத்தான்!" என்றார். குலாம் முகம்மதுவுக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது. இன்னும் பதினாறு கிலோமீட்டர்தான்.

அந்த மகிழ்ச்சியே கெடுத்துவிட்டது. பி.முட்லூர் கைகாட்டி வந்தபோது அவர் மனம் நெப்டியூனில் இருந்தது. கைகள் தம் வழக்கமான வேலையைப் பார்த்தன. எத்தனையோ ஆண்டுகளாக, பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் அந்தச் சாலையில் இடதுபுறம் திரும்பித்தான் அவருக்குப் பழக்கம். வண்டி இடதுபுறம் திரும்பியது, கடைகளைத் தாண்டியது, வழக்கமான சந்துக்குள் நுழைந்து சுற்றியது, பழனிவேலின் தேநீர்க் கடை முன்னால் வேகம் குறையப் பார்த்தது.

"இன்னா பாய், இன்னைக்கி இன்னா சேதி?" பழனிவேல் கண்ணாடிக் குவளையை நீட்டியபடியே வந்தார். "டீ ரெடி."

பிரேக்கை நெருங்கிய காலைக் குலாம் முகம்மது சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"யா அல்லாஹ்! டீச்சர், ஊருக்குள்ள வந்துட்டேன்!"

"நீங்க திரும்பினா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேனே பாய்!"

"பாய், டீ!" என்று பழனிவேல் கூடவே ஓடிவந்தார்.

"ஒளி டீ குடிக்காது!" என்று கத்திவிட்டு, குலாம் முகம்மது வந்த வட்டத்தை முடித்துச் சாலைக்குத் திரும்பினார். மீட்டரைப் பார்த்தார். ஒன்றரைக் கிலோமீட்டர் வீண். ஒளியின் கணக்கில் எட்டு நிமிடத்துக்கும் மேல். பன்னிரண்டு நாற்பது, இப்போது பன்னிரண்டு நாற்பத்தெட்டு. பன்னிரண்டே முக்காலுக்கு மணி அடித்துவிடும். காலி மைதானம். நாட்டுப்பண் முடிந்த ஆண்டு விழா.

வலது கை ஆக்சிலேட்டரை இறுக்கிப் பிடித்தது. கொஞ்சம் முறுக்கினால் போதும். வெள்ளாற்றுப் பாலத்துக்குள் எட்டு நிமிடத்தைப் பிடித்துவிடலாம். குவைத்தில் ஓட்டாத ஓட்டமா?

"முறுக்கிடட்டுமா டீச்சர்?"

முறுக்கக் கூடாது என்று சொல்லப் பிரிசில்லாவுக்கும் மனம் வரவில்லை. கையிலிருந்த ஸ்டாப்வாட்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

குலாம் முகம்மது தாமே கையைத் தளர்த்தினார். "முடியாதுன்னு நான்தானே டீச்சர் மைக்குல சொன்னேன். யுரேனஸ் புள்ளைங்க அத்தன பேரும் கேட்டுச்சிங்க." தம் கைபேசியைப் பின்னால் நீட்டினார். "எம் பொண்ணுக்கு ஒரு போன் போடுங்க."

நஜியாதான் எடுத்தாள். செய்தியைக் கேட்டதும், "மச்சான்! மறுபடியுமா?" என்று அலறினாள். "புள்ள காலையிலேர்ந்து ஒரு எடத்துல ஒக்காரல மச்சான். அவளாண்ட நான் இன்னா சொல்றது?"

"நானே சொல்றேன். குடு."

"அத்தா?" ஹஃப்சாவின் குரல் மூச்சிரைத்து வந்தது.

"ஹஃப்சாம்மா, தப்பு பண்ணிட்டேன். முட்லூர்ல பழக்கதோஷத்துல உள்ள பூந்துட்டேன். வேகமா வரலாம், ஆனா வந்தா அது ஒளி இல்ல. பொய்யாயிடும்."

ஒலிபெருக்கியின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ஆண்டு விழா நாளின் அதே மௌனம். குலாம் முகம்மது கண்ணாடியில் தம் முகத்தைப் பார்க்க அஞ்சினார்.

"எவ்ளோ தூரம் சுத்துனீங்க அத்தா?"

"ஒன்றரை கிலோமீட்டர்."

"கரெக்டாவா?"

"மீட்டர் சொல்லுது."

"அப்ப ஒளி சரியாத்தான் வருது!" ஹஃப்சா கத்தியது, தொலைபேசி இல்லாமலே கேட்டிருக்கும். "பன்னெண்டு நாப்பதுக்கு நீங்க நாப்பத்தஞ்சாவது கிலோமீட்டர்லதான் இருப்பீங்க. அது பள்ளிக்கூடத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் முன்னாடி. அவ்ளோதானே? நாங்க வரோம் அத்தா. நீங்க அதே வேகத்துல வாங்க. தொடாதீங்க, ஆக்சிலேட்டர தொடாதீங்க!"

தொடர்பு அறுந்தது.

பிரிசில்லா நெற்றியில் அடித்துக்கொண்டார். "எனக்குத் தோணல பாரு! கிரகம்னா ஒரே எடத்துலயா நிக்கும்?"

வெள்ளாற்றுப் பாலம் வந்தது, போனது. குலாம் முகம்மது தம் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக மெதுவாக ஓட்டியதில்லை. லாரிகள் முந்தின, சைக்கிள்கள் கூட முந்தின. ஒவ்வொரு வளைவிலும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். வெயில், தார்ச்சாலை, கானல். நேரம் பன்னிரண்டரை தாண்டியது. சாலையில் நெப்டியூனைக் காணோம்.

"வந்துருவாங்க பாய்," என்றார் பிரிசில்லா, இரண்டாவது முறையாக.

அப்போது தொலைவில், புளியமரங்களின் நிழலுக்குள்ளிருந்து, ஆழ்ந்த நீல நிறத்தில் ஒரு பந்து வெளிப்பட்டது.

அது தலைகளுக்கு மேலே மிதந்து வந்தது. ஒன்பதாம் வகுப்பு முழுவதும் அதற்குக் கீழே ஒற்றை வரிசையாக ஓட்டமும் நடையுமாக வந்தது. முன்னால் நஜியா இரண்டு கைகளையும் விரித்துப் பிள்ளைகளை ஓரங்கட்டியபடி வந்தாள். பின்னால் பள்ளி வேன், விளக்கை எரியவிட்டு ஊர்ந்தது. நீலப் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்த இருவரில் ஒருத்தி ஹஃப்சா. மற்றவன், வியர்த்துக் கொட்டிய அத்னான்.

குலாம் முகம்மதுவுக்கு மைக்கில் என்ன சொன்னோம் என்று பிறகு நினைவில்லை. பிரிசில்லா சொன்னதுதான் செய்தி: "வருகிறது, வருகிறது" என்று நாலு மணி நேரம் ஒளியைச் சொன்னவர், அந்த இடத்தில் நெப்டியூனைச் சொன்னாராம்.

"இன்னும் அம்பது மீட்டர்... இருவது..." பிரிசில்லா ஸ்டாப்வாட்சை உயர்த்திப் பிடித்தார். ஆட்டோவின் முன்சக்கரம் நீலப் பந்தின் நிழலைத் தொட்டது. "பன்னெண்டு நாப்பது!"

சாலையோரம் வெடித்துக் கிளம்பிய கூச்சலில் புளியமரத்துக் காக்கைகள் கலைந்து பறந்தன.

"டீச்சர், இது தப்பாட்டம்," என்றான் அத்னான், மூச்சு வாங்கியபடி. "நெப்டியூன் சூரியன ஒரு தடவ சுத்தவே நூத்தி அறுவத்தஞ்சு வருசம் ஆவும். இந்த அளவுல பாத்தா, காலையிலேர்ந்து இந்நேரத்துக்கு ஒரு எட்டுதான் வெச்சிருக்கும். நாம ஒன்றரை கிலோமீட்டர் ஓட்டிட்டோம்!"

"தெரிஞ்சிதானேடா தூக்கிக்கினு வந்த?" என்றாள் நஜியா.

"தூக்காம இன்னா பண்றது? ஒளி வந்துச்சே!"

"அவன் சொல்றது சரிதான்," என்று பிரிசில்லா ஒப்புக்கொண்டார். "ஆனா ஒண்ணு. ரொம்ப எடையுள்ள பொருளுக்குப் பக்கத்துல போனா ஒளி வளையும். அது நெசமான அறிவியல். முட்லூர்ல நம்ம ஒளி வளைஞ்சிடுச்சி."

"எதுக்குப் பக்கத்துல டீச்சர்?"

"டீக்கடை," என்றார் குலாம் முகம்மது. சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் பிடித்தது.

ஹஃப்சா பந்தை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு ஆட்டோவின் முன்பக்கம் வந்தாள். நீலச் சாயம் அவள் உள்ளங்கைகளிலும் நெற்றியிலும் ஒட்டியிருந்தது.

"லேட் ஆக்கிட்டேன்ல?" என்றார் குலாம் முகம்மது.

"நீங்க லேட் இல்ல அத்தா. நான் சீக்கிரம்," என்றாள் அவள். பிறகு சட்டென்று முகம் மாறி, "அய்யோ, ஏன் நின்னுட்டீங்க? ஒளி நிக்கக் கூடாதே!" என்று பதறினாள்.

"நெப்டியூனோட முடிஞ்சிடுச்சில்ல?"

"எங்க முடிஞ்சிது?" வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல். கீரப்பாளையத்திலிருந்து வந்து படிக்கும் தேவநாதன். "நெப்டியூனுக்கு அந்தாண்ட பனிப்பாறை மண்டலமே இருக்குதே! புளூட்டோ இருக்குதே! இப்ப அது இருக்குற தூரத்துக்குக் கணக்குப் போட்டா, எங்க கீரப்பாளையத்துலதான் வருது. எங்க ஊரு மட்டும் கணக்குல இல்லியா?"

பிரிசில்லா விரல்விட்டுக் கணக்கிட்டார். ஐம்பத்திரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். தேவநாதன் சொன்னது சரியாகவே இருந்தது.

"புளூட்டோ எவ்ளோ பெருசு?" என்று கேட்டார் குலாம் முகம்மது.

தேவநாதன் சட்டைப் பைக்குள் கையை விட்டு, காலையிலிருந்து தின்றுகொண்டிருந்த இலந்தைப் பழங்களில் மிஞ்சிய பெரிய பழத்தை எடுத்துக் காட்டினான். "இவ்ளோ!"

பன்னிரண்டே முக்கால் மணி அவர்களுக்குக் கேட்காத தொலைவில் அடித்திருக்கும். கீரப்பாளையத்தில் புளூட்டோவோடு காத்து நிற்பதற்காகப் பிள்ளைகள் வேனில் ஏறினார்கள். ஹஃப்சா மட்டும் நஜியாவிடம் தலையாட்டி அனுமதி வாங்கிக்கொண்டு ஆட்டோவில் பிரிசில்லாவின் பக்கத்தில் ஏறினாள். வண்டி புறப்பட்டது, மறுபடியும் அதே வேகம். சிதம்பரத்தின் முனையைத் தாண்டும்போது பின்னால் ஹாரன் கதறியது. வேன் அவர்களை உரசிக்கொண்டு முந்தியது. அதன் சன்னல்கள் எல்லாவற்றிலும் தலைகள். ஒன்றிலிருந்து இலந்தைப் பழம் பிடித்த ஒரு கை வெளியே நீண்டிருந்தது.

"ஒளிய முந்திட்டோம்! ஒளிய முந்திட்டோம்!"

"அத்தா, அது நடக்கக் கூடாதுல்ல?" என்றாள் ஹஃப்சா சிரிப்பை அடக்க முடியாமல்.

"போகட்டும் வுடு. அவுங்க போயி எறங்கி நின்னாத்தானே நாம வர்றது புளூட்டோவுக்குத் தெரியும்?" என்றவர், கண்ணாடியோரத்திலிருந்து மைக்கைக் கழற்றிப் பின்னால் நீட்டினார். "இந்தா. பொய் மட்டும் சொல்லக் கூடாது."

ஹஃப்சா அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். தொண்டையைக் கனைத்தாள். பரிசு வாங்கியபோது காலி நாற்காலியைப் பார்த்துப் பேசிய அதே குரலை, இப்போது இரண்டு கூம்புகளும் சிதம்பரத்துச் சாலைக்கு எடுத்துச் சொல்லின.

"அன்பார்ந்த கீரப்பாளையம் பொதுமக்களே..."

எதிரே ஒரு கைகாட்டி வந்தது. குலாம் முகம்மதுவின் இடது தோள் தானாகவே சாய்ந்தது.

"நேரா, அத்தா! நேரா!" என்று மைக்கிலேயே அவள் கத்த, தெரு முழுவதும் திரும்பிப் பார்த்தது.